பின்பக்கம் இல்லாத கட்டடம்

1

இந்தக் கதையை நானாக ஆரம்பிக்கவில்லை. என் தங்கை கேட்டாள்.

திங்கட்கிழமை காலை வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் எனக்கு இரவு வேலை. அவள் சமையலறை வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு சொன்னாள்:

"ரெண்டு முடிவு எழுதிக் குடு. நான் போற மாதிரி ஒண்ணு, போகாத மாதிரி ஒண்ணு. படிச்சுப் பாத்துட்டு எது கம்மியா எரிச்சலா இருக்கோ அதைச் செஞ்சுடறேன்."

"கதை கேக்கறியா, ஜோசியம் கேக்கறியா?"

"ரெண்டுமே உனக்கு வராது. இருந்தாலும் எழுது."

நிலவரம் இதுதான். தங்கை கட்டடக்கலை படிக்கிறாள். இரண்டாம் ஆண்டு முடியப்போகிறது. ஊருக்குள்ளேயே இருக்கும் சாதாரணக் கல்லூரி. கேட்டவர்களுக்கெல்லாம் இடம் கொடுப்பார்கள். மழைக்காலத்தில் அங்கே கூரை ஒழுகும், கட்டடக்கலைத் துறையின் கூரை உட்பட. வேறோர் ஊரில் பெரிய கல்லூரி ஒன்று இருக்கிறது. அங்கே படிப்பின் நடுவில் மாறி வந்து சேர ஆண்டுக்கு ஒரு கைப்பிடிப் பேரைத்தான் எடுப்பார்கள். சில ஆண்டுகளில் அந்தக் கை திறப்பதே இல்லை. இந்த ஆண்டு திறந்தது, தங்கையை எடுத்திருக்கிறார்கள். போனால் இரண்டாம் ஆண்டை மறுபடி படிக்க வேண்டும். வருகிறேன் அல்லது வரவில்லை என்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்ல வேண்டும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அம்மாவும் அதையேதான் கேட்கிறாள். அம்மா ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். கன்னம் வீங்கி வந்தவர்களிடம்கூட மகளுக்கு இடம் கிடைத்ததைச் சொல்லியிருக்கிறாள். பல்வலியோடு இருப்பவர்கள் எதிர்த்துப் பேசுவதில்லை, எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள். ஊரே சம்மதித்துவிட்டது என்று அம்மா நினைக்கிறாள்.

யோசிக்க ஒன்று இருக்கிறது. அந்த இடம் தனக்கு மட்டும் உரியதா என்று தங்கைக்குத் தெரியவில்லை. அதில் பாதி இன்னொருத்தியுடையதாக இருக்கலாம். அந்த இன்னொருத்திக்கு இது தெரியாது.

2

தொடக்கங்கள்.

"அந்தக் கல்லூரியின் வாசலில் முதன்முதலாக நின்றபோது அவளுடைய கண்கள்—"

விட்டுவிட்டேன். வாசலில் நின்றபோது அவள் கழிப்பறை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் நீண்ட பயணம். கண்கள் அதற்குத்தான் பயன்பட்டன.

"ஒரு முடிவை எடுப்பதற்குள் மனித மனம் எத்தனை முறை—"

இது காலண்டர் தாளில் தேதிக்குக் கீழே அச்சடிக்க வேண்டியது.

"நானும் ஒரு காலத்தில் கல்லூரியில் இருந்தேன்."

இது உண்மை. நடுவில் விட்டுவிட்டேன். பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, பிறகு போகாமலிருப்பது பழகிவிட்டது. ஆனால் இந்த வாக்கியத்தில் தொடங்கினால் மீதிக் கதை முழுவதும் நீங்கள் என்னைத்தான் தேடுவீர்கள். தேட வேண்டாம். என் கதை மொத்தமே இப்போது சொன்னவைதான்.

"ஒரு மேசை இருந்தது."

இதை வைத்துக்கொண்டேன். இதில் பொய் சொல்ல இடமில்லை.

3

ஒரு மேசை இருந்தது. தங்கையின் கல்லூரியில் மாதிரிக் கட்டடங்கள் செய்யும் அறையில் ஆடாத மேசை அது ஒன்றுதான். மற்றவற்றின் காலுக்கடியில் காகிதத்தை மடித்துச் செருகியிருப்பார்கள். மேசை ஆடினால் வெட்டும்போது கத்தி கோணிக்கொண்டு போகும்; அட்டை வீண். அதனால் தங்கையும் அவளுடைய சிநேகிதியும் சேர்ந்த புதிதிலேயே, மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போய் அந்த மேசையைப் பிடித்துக்கொள்ளப் பழகினார்கள். குறுகலான மேசை. இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அவ்வளவுதான் போட முடியும். எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

அங்கே எல்லா வேலையும் இருவர் இருவராகத்தான். தங்கை வெட்டுவாள்: தடித்த வெள்ளை அட்டையின் மேல் இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒரே இழுப்பு. சிநேகிதி ஒட்டுவாள்: மூலையில் எறும்பளவு பசை வைத்து, குண்டூசி குத்தி நிறுத்தி, வாயால் ஊதி ஊதி. சுவர்கள் நின்ற பிறகு ஆளுக்கொரு பக்கம். தனக்கு எதிரே தெரிகிற சுவரில் ஜன்னல், படி, மரம், நிழல் எல்லாம் அவரவர் பொறுப்பு. வகுப்பில் ஒருத்திக்கு 'பிளேடு' என்றும் மற்றவளுக்குப் 'பசை' என்றும் பெயர் விழுந்தது.*

(* பிளேடு என்ற பெயர் வெட்டுவதால் மட்டும் வரவில்லை, அவள் பேசுவதையும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்கிறாள் பசை.)

இந்த ஆண்டு அவர்களுக்கு ஒரு மழலையர் பள்ளி செய்யச் சொல்லி வேலை வந்தது. அதைப் பார்க்க வந்தவர் குழாய் சார். எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும் "குழாய் எங்க போகுது?" என்றுதான் முதலில் கேட்பார் என்பதால் அந்தப் பெயர். அவர் மாதிரியைப் பலகையோடு தூக்கினார். ஒரு திருப்புத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"பின்பக்கம் எங்க?"

தங்கை அந்தப் பக்கத்தைக் காட்டினாள். பசை இந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

"ரெண்டு பக்கமும் வாசப்படி. ரெண்டு பக்கமும் மரம். ரெண்டு பக்கமும் பெரிய ஜன்னல். குப்பை எந்த வழியா வெளிய வரும்? குழாய் எங்க இறங்கும், மூஞ்சி மேலயா?"

வகுப்பு சிரித்தது.

"நீ பின்னாடிதான உக்காந்திருந்த," என்றாள் தங்கை, குரலைத் தாழ்த்தி.

"நானா? நீதான்டி பின்னாடி. நான் கதவைப் பாத்து உக்காந்திருந்தேன்."

"கதவு என் பக்கம் இருந்துச்சு. அப்போ நான்தான முன்னாடி?"

"சண்டைய வெளிய போய்ப் போடுங்க," என்றார் குழாய் சார். "பின்பக்கம் கெடச்சா எடுத்துட்டு வாங்க."

இத்தனை நாள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொருத்தியும் மற்றவளைப் பின்பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கோபம் வரவில்லை. வெளியே போய் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு பரணில் கிடந்த பழைய மாதிரிகளை எல்லாம் இறக்கித் திருப்பிப் பார்த்தார்கள். எதற்கும் பின்பக்கம் கிடையாது. முதல் ஆண்டு வாத்தியார் எப்போதும் மேலிருந்து கூரையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்.

மதிப்பெண் குறைந்தது. தங்கை அந்த மாதிரியைத்தான் பெரிய கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போனாள். வேறு எதுவும் உடையாமல் மிச்சமில்லை.

4

நான் அதிகம் தடுமாறியது பசையிடம்தான்.

முதல் வரைவில் அவளுக்கு அப்பா கிடையாது. வீட்டில் கஷ்டம். அவளுக்கும் பெரிய கல்லூரிக்குப் போக ஆசை, வழியில்லை, சிநேகிதியை அனுப்பிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். தங்கை தலை வாரிக்கொண்டே திரையில் படித்தாள்.

"இவங்க அப்பாவை ஏன் கொன்ன?"

"கதைக்குத் தேவைப்பட்டுது."

"நேத்துகூட என்னைக் கார்ல கொண்டாந்து விட்டாரு. போய்ச் சொல்லட்டுமா, அண்ணன் உங்களுக்குக் காரியம் பண்ணிட்டான்னு?"

அப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உண்மையில் பசையின் வீடு எங்கள் வீட்டைவிடப் பெரியது. அவள் விண்ணப்பிக்காததற்கு வறுமையும் காரணமில்லை, தியாகமும் காரணமில்லை. "அங்க எல்லாரும் நல்லா செய்வாங்க. எல்லாரும் நல்லா செய்யற எடம் எனக்கு அலுப்பு" என்றாளாம்.

இதை வைத்துக்கொண்டு ஒரு கதாசிரியன் என்ன செய்வது? தியாகம் செய்தவளுக்கு ஓர் அநியாயம் நடந்தால் நீங்கள் பதறுவீர்கள். எனக்கு வேண்டாம் என்று சொன்னவளுக்கு நடந்தால், அது அநியாயமா இல்லையா என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. வேண்டாம் என்றது கல்லூரியைத்தானே, தன் பங்கை இல்லையே என்று நான் சொல்வேன். வேண்டாத இடத்தில் பங்கு இருந்து என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். இப்படியே இரண்டு பக்கம் ஓட்டலாம். ஓட்டிப் பார்த்தேன், அழித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை அவளே வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, என்னைப் பத்தி எழுதறீங்களாமே."

"கொஞ்சமா."

"முடி நீளமா எழுதுங்க. நெசத்துலதான் வளர மாட்டேங்குது."

"அதெல்லாம் முடியாது."

"அப்போ உயரமாவது குடுங்க. கதைதான, உங்களுக்கு என்ன நஷ்டம்?"

[முடி: தோள்வரை. உயரம்: நடுத்தரம். மன்னிக்கவும்.]

பிறகு அவள் தங்கையைப் பார்த்து, "இவ போய்ச் சேரட்டும்ணா. பெரிய ஆளா வந்தா எனக்குத்தான் பெருமை. அந்த மேசைய மட்டும் நான் யாருக்கும் விட மாட்டேன்" என்றாள். தங்கை தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். குடிக்கவில்லை.

5

இந்தப் பகுதி தங்கை என்னிடம் மட்டும் சொன்னது.

பெரிய கல்லூரியின் நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார். மழலையர் பள்ளியை மேசையில் வைத்ததும் எழுந்து அதைச் சுற்றி வந்தார். நின்றார். எதிர்த் திசையில் இன்னொரு சுற்று.

"இதுக்குப் பின்பக்கமே இல்லையே."

குழாய் சார் இங்கேயும் வந்துவிட்டார் என்று நினைத்தாள் தங்கை.

"ஒரு கொழந்தை எந்தத் தெருவில இருந்து வந்தாலும் அதுக்கு வாசல்தான் தெரியும். யாருமே பின்வழியா வர வேண்டியதில்ல," என்றார் அவர், பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்து. பிறகு தங்கையைப் பார்த்தார். "இது யாரோட யோசனை?"

"என்னோடது."

அவ்வளவுதான். அதைப் பற்றி அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. மற்ற கேள்விகள் எல்லாம் சடங்குக்கு. இது இருவர் சேர்ந்து செய்தது என்பதை அவள் எங்குமே சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

இது பொய்யா? இதைச் சலவைக்கூடத்தில் ஈரத்துணி வண்டியைத் தள்ளிக்கொண்டே யோசித்தேன். அது யாருடைய யோசனையும் இல்லை, ஒரு தவறு. அது தவறாக இருந்தவரை இருவரும் குழாய் சார் முன்னால் சேர்ந்து நின்று திட்டு வாங்கினார்கள். அது யோசனையாக மாறிய நிமிடத்தில் அந்த அறையில் ஒருத்திதான் இருந்தாள். அவள் சொன்னதை நான் இப்படி அளந்து வைத்திருக்கிறேன். உங்களிடம் வேறு அளவு இருந்தால் அதையும் வைத்துப் பாருங்கள்.

"போன் பண்ணி அவங்ககிட்ட சொல்லிடேன்," என்றேன் தங்கையிடம்.

"சொன்னா என்ன ஆகும்? ஒண்ணு, பரவாயில்லம்பாங்க. இல்ல, எடத்தைப் புடுங்கிடுவாங்க."

"அவ்வளவுதான?"

"மூணாவது ஒண்ணு இருக்கு. அப்போ அந்தப் பொண்ணையும் வரச் சொல்லும்பாங்க."

அதைச் சொன்னபோது அவள் முகம் கசந்தது. இடம் பறிபோவதைச் சொன்னபோது அப்படிக் கசக்கவில்லை. இதை எழுதாமல் விட்டால் அவள் இன்னும் நல்ல பெண்ணாகத் தெரிவாள். எழுதியாயிற்று.

6

முடிவு அ.

அவள் போகிறாள். பஸ் நிலையத்தில் அம்மா சாமான்களை எண்ணுகிறாள். பசை கையசைக்கிறாள். அங்கே விடுதி அறை சுத்தமாக இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனி மேசை, எதுவும் ஆடுவதில்லை. முதல் வேலையைத் தனியாகச் செய்யச் சொல்கிறார்கள். வெள்ளை அட்டையின் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடி அம்மையார் வந்து பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போகிறார். மழை தொடங்கும் சமயத்தில் அவள் ஒரு பையோடு வீட்டு வாசலில் நிற்கிறாள். அம்மா பையை வாங்கிக்கொள்கிறாள்.

முடிவு ஆ.

அவள் போகவில்லை. அம்மா அவளோடு பேசுவதை நிறுத்துகிறாள், பல் டாக்டரிடம் மறுமுறை வருகிறவர்கள் "மக போயாச்சா?" என்று கேட்க, வாயைத் திறந்து உட்காருங்கள் என்கிறாள். தங்கையும் பசையும் அதே மேசையில் உட்கார்ந்து படிப்பை முடிக்கிறார்கள். ஏன் போகவில்லை என்று பசை கேட்கும்போதெல்லாம் தங்கை ஏதோ சொல்கிறாள். பசை சிரிக்கிறாள். காலம்—

(இங்கே "காலம் ஓடியது" என்று எழுதப் போனேன். நல்லவேளை, அம்மா கூப்பிட்டாள்.)

தங்கை இரண்டையும் நின்றபடியே படித்தாள்.

"ரெண்டுலயும் நான் வீட்டுலதான் இருக்கேன்."

"இல்லையே. முதல்ல போறியே."

"போயிட்டு மழைக்கு முன்னாடி வந்துட்டேன், துணி எடுக்க வர்ற மாதிரி. உன் கதையில யாராச்சும் போன எடத்துல இருந்திருக்காங்களா?"

"யோசிச்சுப் பாக்கணும்."

"யோசிக்காத. போன வருஷம் ஒரு கப்பல்காரன் எழுதினியே, அவன்கூடக் கரைக்கு வந்து பெட்டிக்கடை வெச்சான்."

அதனால் முடிவு இ எழுதிப் பார்த்தேன். அவள் போகிறாள், அங்கேயே இருக்கிறாள்.

"முதல் பருவம் முடிந்தது. அவள் இப்போது—"

"காலையில் எழுந்ததும் அவள்—"

"அங்கே அவளுக்குப் பிடித்தமான—"

நகரவில்லை. போன இடத்தில் ஒருவர் தொடர்ந்து இருந்தால் அவருடைய ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது. அடக்கத்துக்குச் சொல்லவில்லை. தகவல் இல்லை.

அம்மா வேலைக்குக் கிளம்பியவள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் முடியலையா உங்க கதை? போறா. முற்றுப்புள்ளி வை."

"இல்லம்மா, அவளுக்கு ஒரு சிக்கல்—"

"சிக்கலை எல்லாம் அங்க போய் உக்காந்து பிரிக்கட்டும். இங்க உக்காந்து யோசிச்சா எடம் போயிடும். அங்க உக்காந்து யோசிச்சா நாள்தான் போகும்."

இந்தக் கதையில் இதுவரை எழுதப்பட்டவற்றில் நல்ல வாக்கியம் அதுதான். நான் எழுதியது இல்லை.

7

வியாழன் காலை நான் வந்தபோது சாப்பாட்டு மேசை முழுக்க அட்டைத் துணுக்கு. தங்கை நேற்றைய உடையிலேயே நாற்காலியில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு மழலையர் பள்ளி. அதே அளவு, அதே நிலம். தனியாகச் செய்தது.

முன்னால் படிகள், மரம், பெரிய ஜன்னல். நான் மெல்லத் திருப்பினேன். பின்னால் சின்னச் சின்ன ஜன்னல்கள், குப்பைத் தொட்டிக்கு ஒரு தடுப்பு, மெல்லிய கம்பியில் மூன்று குழாய்கள் நேராக இறங்கி ஓர் ஓரமாகப் போயின. எல்லாம் கச்சிதமாக இருந்தது.

"நல்லாருக்கே."

"நல்லாத்தான் இருக்கு. குழாய் சார் பாத்தா கட்டிப் புடிச்சு அழுவாரு."

"அப்புறம் என்ன?"

"கண்ணாடி மேடம் இதைச் சுத்தி வர மாட்டாங்க. உக்காந்த எடத்துல இருந்தே பாத்துட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுன்னுவாங்க."

"அப்போ ரெண்டு பக்கமும் வாசல் வெக்க வேண்டியதுதான. அதான் தெரியுமே."

"செஞ்சு பாத்தேன். நாற்காலிய எடுத்துட்டு அந்தப் பக்கம் போய் உக்காந்தேன். உக்காந்ததும் தெரியுது, இது பின்பக்கம்னு. தெரிஞ்சப்புறம் எப்படி வாசல் வெக்கறது? வெச்சா சும்மா வெச்ச மாதிரி இருக்கு." ஒரு துணுக்கை எடுத்து வளைத்தாள். "ஒருத்தியா இருந்தா எனக்குப் பின்பக்கம் வந்துடுது."

"அதைக் கத்துக்கத்தான காலேஜ்?"

"இருக்கலாம். இல்ல, அது கத்துக்கற விஷயமே இல்லாம இருக்கலாம். போனாத்தான் தெரியும். போறதுக்கு அவளோட பாதிய எடுத்துட்டுப் போகணும்."

(சலவைக்கூடத்தில் பெரிய விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். இதை இங்கே உவமையாக வைக்கலாம் என்று தோன்றியது. வைத்துப் பார்த்தேன். விரிப்பு விரிப்பாகவே இருந்தது. எடுத்துவிட்டேன்.)

நான் படுக்கப் போனேன். ஜன்னலுக்குப் போர்வை கட்டியும் வெயில் எங்கிருந்தோ உள்ளே வந்தது. புரண்டுகொண்டே முடிவு ஈ, முடிவு உ என்று போய்க்கொண்டிருந்தேன். எதிலும் ஆட்கள் அசையவில்லை.

8

பகலில் எழுந்து வந்தபோது தங்கை என் கணினியின் முன்னால் இருந்தாள். ஐந்தாம் பகுதி முழுவதையும் தேர்ந்தெடுத்திருந்தாள். எழுத்துகள் நீலத்துக்குள் கிடந்தன. அழிக்கும் விசைக்கு மேல் விரல்.

"இதை எடுத்துட்டா கதை புரியாதா?"

"நல்லாப் புரியும். ரெண்டு பொண்ணுங்க, ஒரு மேசை, ஒருத்தி தூரமாப் போறா. படிக்கறவங்க அழுவாங்க."

"நல்ல கதையா இருக்குமா?"

"எல்லாருக்கும் புடிக்கும்."

"அதைக் கேக்கல."

அவள் விரலை எடுத்தாள். நீலம் போயிற்று, எழுத்துகள் மறுபடி கறுப்பாயின.

"அவளுக்கு அனுப்பிடு," என்றாள்.

"நீயே நேர்ல சொல்லேன்."

"போன் பண்றேன்ணா. எடுத்ததும் சாப்ட்டியான்னு கேக்கறா. சாப்ட்டேன்னு சொன்னா என்ன சாப்ட்டேங்கறா. அதுக்கப்புறம் எந்த வழியா இதுக்குள்ள வர்றது?"

"எழுதி அனுப்பினா என்னை வெச்சு தப்பிச்ச மாதிரி ஆகும்."

"ஆகட்டும். எனக்கு வாய் வரல. உனக்குக் கையாவது வருது."

"அவ படிச்சுட்டு என்ன செய்வான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. தெரிஞ்சா உன்கிட்ட ஏன் முடிவு கேக்கறேன்?"

எழுந்து போய்விட்டாள். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து, "கசந்துச்சுன்னு எழுதியிருக்கியே, என் மூஞ்சி. அதையும் எடுக்காத" என்றாள்.

9

பசை,

இதுவரை "நீங்கள்" என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தேன். இனி உன்னிடம். மற்றவர்கள் உன் தோளுக்கு மேலாக எட்டிப் படிக்கலாம். யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது.

ஐந்தாம் பகுதியை நீ இரண்டு முறை படித்திருப்பாய். அது நடந்தது. நான் எதையும் கூட்டவில்லை. அவள் உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாளா என்றால், இல்லை. "அனுப்பிடு" என்றாள், அதுதான் அவள் சொன்னது. அதற்குள் மன்னிப்பு இருக்கிறதா என்று நீதான் பார்க்க வேண்டும். நான் பார்த்தவரை பயம் இருந்தது.

நீ என்ன செய்வாய் என்று எழுதிப் பார்த்தேன். கண்ணாடி அம்மையாருக்கு நீயே போன் செய்கிறாய். அல்லது, இதெல்லாம் ஒரு விஷயமாடி என்று சிரிக்கிறாய். சிரித்துவிட்டு, பிறகு மெல்ல மெல்ல அவள் போனை எடுக்காமல் விடுகிறாய். அல்லது, போ, ஆனால் போய் என் பெயரைச் சொல் என்கிறாய். அல்லது, இவ்வளவு நாள் அலுப்பு என்று சொன்ன அந்த இடம் உனக்கும் வேண்டும் என்று இதைப் படிக்கும்போது முதன்முறையாகத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் எழுதினேன். ஒவ்வொன்றிலும் உன் வாயில் வந்தது என் பேச்சு. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. முடிவு அ, முடிவு ஆ இரண்டையும் திரும்பிப் போய்ப் பார். உனக்கு ஒரு வரி வசனம் கிடையாது. ஒன்றில் கையசைக்கிறாய், ஒன்றில் சிரிக்கிறாய். திங்கட்கிழமையிலிருந்து தங்கையும் அம்மாவும் நானும் இந்த வீட்டில் உன்னை நடுவில் வைத்துக்கொண்டு பேசித் தீர்க்கிறோம். உன்னை யாரும் கேட்கவில்லை. உன் அப்பாவைச் சாகடித்ததைவிட இது மோசம்.

நீ எதுவும் சொல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் நாளை மாலை அவள் ஏதோ ஒன்றைச் சொல்லியாக வேண்டும், சொல்வாள். அது அவளுடைய முடிவாக இருக்கும், இந்தக் கதையினுடையதாக இருக்காது.

நாளை காலை அவள் மாதிரிகள் செய்யும் அறையில் இருப்பாள் என்று மட்டும் எனக்குத் தெரியும். அதனால் அடுத்த பகுதியை அதுவரை எழுதி வைத்திருக்கிறேன், மீதி உன்னுடையது. நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். தவறு இருந்தால் அடித்துவிட்டு எழுது.

10

தங்கை மேசையில் இருந்தாள். முன்னால் அட்டையும் இல்லை, கத்தியும் இல்லை. முதுகுக்குப் பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. பசை மேசையைச் சுற்றி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள் (உட்காரவில்லை என்றால் இந்த வாக்கியத்தை எடுத்துவிடு). பிறகு சொன்னாள்:

"